ஒரு கல்லூரி ஸ்டேடியத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: மிச்சிகனின் ‘பிக் ஹவுஸ்’ வழியாக

அமெரிக்கக் கல்லூரி ஸ்டேடியம் ஒன்றைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்: கட்டிய ஆண்டு, இருக்கைகள். ‘பிக் ஹவுஸ்’ என்று செல்லப் பெயர் பெற்ற, ஆன் ஆர்பர் நகரத்து மிச்சிகன் ஸ்டேடியத்துக்கு அவை 1927, 1,07,601. இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. 1927-இல் 1,07,601 பேர் உட்கார அங்கே இடமே கிடையாது. கல்லூரி ஸ்டேடியம் என்பது பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக ஒவ்வோர் அறையாகச் சேர்த்த பூர்வீக வீடு மாதிரி. எந்த அறை எப்போது, யார் காசில், எதற்காக வந்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் வரலாறு எழுதுகிறவரின் வேலை.

இந்த வழிகாட்டியில் முக்கிய உதாரணம் மிச்சிகன். தேவைப்படும் இடத்தில் ஹார்வர்ட், யேல், ஒஹாயோ, பென் ஸ்டேட் வரும். ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்தான், நம் ஊர்க் கால்பந்து இல்லை.

முதலில் தேதிகளைப் பிரியுங்கள்

‘கட்டிய ஆண்டு’ என்று ஒரே கட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஐந்து வரிகள் வேண்டும்: அதற்கு முன் எங்கே ஆடினார்கள், யார் எப்போது அனுமதி கொடுத்தார்கள், மண் எப்போது தோண்டினார்கள், முதல் ஆட்டம் எப்போது, அர்ப்பணிப்பு விழா எப்போது.

மிச்சிகன் அணி 1893 முதல் 1905 வரை ரீஜென்ட்ஸ் ஃபீல்டிலும், 1906 முதல் 1926 வரை ஃபெர்ரி ஃபீல்டிலும் ஆடியது. 1920-களில் ஃபெர்ரி ஃபீல்டு கூட்டத்தைத் தாங்கவில்லை. விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் புது ஸ்டேடியம் கேட்டார். எட்மண்ட் டே தலைமையிலான குழு 1926 ஜனவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. குறைந்தது 60,000 இருக்கைகள் வேண்டும் என்றது. பல்கலைக்கழக ஆட்சிக் குழு 1926 ஏப்ரல் 22 அன்று ஒப்புதல் தந்தது. முதல் ஆட்டம் 1927 அக்டோபர் 1, ஒஹாயோ வெஸ்லியனோடு, 33–0. அர்ப்பணிப்பு விழா அக்டோபர் 22, ஒஹாயோ ஸ்டேட்டோடு, 21–0.

மூன்று வாரம் ஏன் தள்ளிப் போனது என்று குழம்ப வேண்டாம். சின்ன எதிரியோடு கதவைத் திறந்துவிட்டு, பெரிய எதிரி வரும் நாளில் விழா எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஒஹாயோ ஸ்டேடியமும் அப்படித்தான். 1922 அக்டோபர் 7 அன்று இதே வெஸ்லியனோடு முதல் ஆட்டம் (5–0), அக்டோபர் 21 அன்று மிச்சிகனோடு அர்ப்பணிப்பு. விழா எடுத்த வீட்டுக்காரர் அன்று 19–0 என்று தோற்றுப் போனார். ஒரு கட்டுரையில் ஒரு தேதியும் மற்றொன்றில் வேறு தேதியும் இருந்தால், முதலில் இந்தக் கோணத்தில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும்.

இன்னொரு சிக்கல் இடம் மாறிய ஸ்டேடியங்கள். பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியம் 1960-இல் திறந்தது. ஆனால் அதன் இரும்பு கேலரியில் பெரும்பகுதி பழைய நியூ பீவர் ஃபீல்டிலிருந்து சுமார் 700 துண்டுகளாகக் கழற்றி, ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிக் கொண்டுவந்து பூட்டியது. இங்கே நிலத்துக்கு ஒரு வயது, இரும்புக்கு ஒரு வயது. இரண்டு வரி எழுதுங்கள்.

காசு யாருடையது?

கட்டடத்தின் வடிவம் பெரும்பாலும் பணம் வந்த வழியிலேயே தீர்மானமாகிவிடும். ஹார்வர்டில் 1879-இல் பட்டம் பெற்ற வகுப்பினர் பின்னாளில் தந்த 1,00,000 டாலர் நன்கொடைதான் தொடக்கம். 1903-இல் கான்கிரீட் லாட வடிவில் எழுந்தது. மிச்சிகனில் யோஸ்ட் கடன் பத்திரம் விற்றார். ஒன்று 500 டாலர், மொத்தம் 3,000 பத்திரங்கள், வட்டி 3 சதவீதம். இதில் வட்டியை விட டிக்கெட்தான் தூண்டில். பத்திரம் வாங்கியவருக்குப் பத்து ஆண்டுகள் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை உண்டு.

கணக்குப் போட்டால் 15 லட்சம் டாலர் வருகிறது. கட்டுமானச் செலவாகச் சொல்லப்படுவது 9,50,000. எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். திரட்டிய தொகை வேறு, கட்டடச் செலவு வேறு, நிலத்தையும் சேர்த்த மொத்தம் வேறு. எண்ணைக் குறிக்கும்போது இந்த மூன்றில் எது என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால டாலரை இன்றைய ரூபாய் மதிப்பில் மாற்றி அடைப்புக்குள் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

மண்ணும் நீரும்

ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே நுழைந்ததும் ஏறுகிறோமா, இறங்குகிறோமா? தெரு மட்டத்தில் நுழைந்து வரிசைகளின் உச்சியில் போய் நின்றால், அது குழி தோண்டிக் கட்டிய கிண்ண வடிவம். இந்த வடிவத்துக்கு முன்னோடி 1914-இல் திறந்த யேல் பவுல். பொறியாளர் சார்லஸ் ஃபெர்ரி ஆடுகளத்தைத் தரைமட்டத்திலிருந்து சுமார் 27 அடி ஆழத்தில் வைத்து, வெட்டி எடுத்த மண்ணையே சுற்றிலும் கரையாகக் குவித்தார். குளம் வெட்டிக் கரை போடுவதைப் போலத்தான். மண்ணை வெளியே ஏற்றிச் செல்லும் செலவு மிச்சம். கேலரியின் கீழ்ப்பாதிக்குத் தூணும் வேண்டாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. மழைநீரும் ஊற்றுநீரும் குழியைத் தேடித்தான் வரும்.

மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. தேர்ந்தெடுத்த இடமோ நிலத்தடி ஊற்று உள்ள இடம், நீர்மட்டம் மேலே. தோண்டும்போது ஒரு கிரேன் சேற்றில் புதைந்துவிட்டது, இன்னும் ஸ்டேடியத்துக்கு அடியிலேயே கிடக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. இப்படிப்பட்ட கதைகளைத் தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே உண்மையென்று எழுதவும் வேண்டாம். ‘என்று சொல்வார்கள்’ என்ற சொல்லோடு ஒரு வரியில் வைத்துவிட்டு, அதற்கு அடிப்படையான உறுதியான செய்திக்குப் போங்கள்: நீர்மட்டம். அறுபது ஆண்டு கழித்து அதே நீர்மட்டம் புல்லைப் படுத்திய பாடு கீழே வரும்.

ஒஹாயோவிலும் இதே பாடம். அங்கே 2001-இல் முடிந்த புதுப்பிப்பில் ஓடுபாதையை எடுத்துவிட்டு ஆடுகளத்தை 14.5 அடி இறக்கினார்கள். பக்கத்திலேயே ஒலன்டாங்கி ஆறு. ஆகவே சுற்றிலும் நிலத்துக்குள் நீர்த்தடுப்புச் சுவர் போட வேண்டியதாயிற்று. இதில் முதலில் குறுகிய ஆழமான பள்ளம் வெட்டி, அது சரியாமல் இருக்கக் களிமண் குழம்பை நிரப்புவார்கள். பிறகு கெட்டியாகும் கலவை அந்த இடத்தைப் பிடித்துச் சுவராகிவிடும். ‘தரையை இறக்கினார்கள்’ என்று எந்த ஆவணத்தில் பார்த்தாலும், தண்ணீரை என்ன செய்தார்கள் என்று உடனே தேடுங்கள். பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இந்தப் பகுதியில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அஸ்திவாரம். 1927-இலேயே பிற்காலத்தில் மேலே ஏற்றிக் கட்டத் தோதாக அடித்தளம் போடச் சொன்னவர் யோஸ்ட். பின்னால் வந்த விரிவாக்கங்களுக்கெல்லாம் விதை அது. ஒரு ஸ்டேடியம் ஏன் வளர்ந்தது, பக்கத்து ஊர் ஸ்டேடியம் ஏன் வளராமல் நின்றது என்பதற்கு விடை பல நேரம் முதல் வரைபடத்தின் அடித்தளத்தில்தான் இருக்கும்.

கெட்டியாகக் கட்டியது ஆட்டத்தையே மாற்றிய கதையும் உண்டு. 1905 சீசனில் காயங்களும் மரணங்களும் பெருகி, ஃபுட்பாலைத் திருத்த வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. ஆடுகளத்தை 40 அடி அகலப்படுத்தலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் ஹார்வர்டின் கான்கிரீட் லாடம் அப்போதுதான் எழுந்திருந்தது, அகலப்படுத்த இடமில்லை. அந்த யோசனை கைவிடப்பட்டு, 1906-இல் பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி கிடைத்தது. ஆடுகளம் இன்றும் 160 அடி அகலம்தான்.

இருக்கைப் பேரேடு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: ஆண்டு, எண், என்ன மாறியது. மிச்சிகனுக்கு அது இப்படி வரும்:

1927: கான்கிரீட் கிண்ணம் 72,000, விளிம்பில் மரப் பெஞ்சுகளும் சேர்ந்து 84,401
1928: 85,752
1949: 97,239, மரத்துக்குப் பதில் நிரந்தர இரும்பு கேலரி
1956: 1,01,001, மேற்கில் புதிய பத்திரிகையாளர் மாடம்
1973: 1,01,701
1992: 1,02,501
1998: 1,07,501
2008: 1,06,201
2010: 1,09,901, கிழக்கிலும் மேற்கிலும் புதுக் கட்டடங்கள்
2015: 1,07,601

இப்போது பேரேட்டைச் சோதியுங்கள். முதல் சோதனை பெருக்கல். 1927 கிண்ணத்தில் 44 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 72 வரிசைகள். ஆக 3,168 வரிசைத் துண்டுகள். 72,000-ஐ அதால் வகுத்தால் துண்டுக்குச் சராசரி 22.7 பேர். கிண்ணத்தில் கீழ் வரிசை குட்டை, மேல் வரிசை நீளம் என்பதால் இந்தச் சராசரி நம்பும்படியாக இருக்கிறது. உங்கள் ஸ்டேடியத்துக்கு இதே கணக்கில் 40 பேர் என்று வந்தால், விளிம்புப் பெஞ்சுகளோ இரண்டாம் அடுக்கோ எண்ணுக்குள் நுழைந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பெஞ்சில் ஆளுக்கு எத்தனை அங்குலம் என்பது. கல்லூரி ஸ்டேடியங்களில் பெரும்பகுதி நாற்காலி கிடையாது. நீளப் பெஞ்சில் எண்தான் ஒட்டியிருக்கும். எண்ணை மாற்றி ஒட்டினாலே கொள்ளளவு மாறும். ஆளுக்கு 17 அங்குலம் என்று கணக்கிட்ட 72,000 இருக்கைகளை 18 அங்குலமாக்கினால் 68,000 ஆகிவிடும். ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் 4,000 பேர் காணாமல் போவார்கள். ஆகவே எண் குறைந்தால் ‘இடித்துவிட்டார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். நடைபாதை சேர்த்திருக்கலாம், பெஞ்சு அகலம் கூடியிருக்கலாம், சட்டம் வந்திருக்கலாம். மிச்சிகனில் 2008-இல் எண் குறைந்ததற்குப் பின்னால் இருப்பது சட்டம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் போதிய இடமில்லை என்று உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் அமைப்பு 2007-இல் வழக்குப் போட்டது. 2008-இல் உடன்பாடு ஏற்பட்டது, பெஞ்சு இடங்கள் சக்கர நாற்காலி இடங்களாயின. இதை விட்டுவிட்டு 1,07,501-இலிருந்து நேரே 1,09,901-க்குத் தாவும் கட்டுரைகள் நிறைய. அந்த ஸ்டேடியத்தின் வரலாற்றில் மிக முக்கியமான 1,300 இருக்கைகள் அவைதான் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, கொள்ளளவும் வருகையும். 84,401 என்பது 1927-இன் கொள்ளளவாகவும் வருகிறது, அர்ப்பணிப்பு விழாவுக்கு வந்த கூட்டமாகவும் வருகிறது. ஒரே எண் இரண்டு வேடத்தில் வந்தால், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நகல் போயிற்று என்று சந்தேகப்படுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 2013 செப்டம்பர் 7 அன்று நாட்ர டேம் ஆட்டத்துக்கு வருகை 1,15,109. அப்போதைய கொள்ளளவு 1,09,901. இது தவறு இல்லை. உள்ளே வேலை செய்பவர்கள், பத்திரிகையாளர்கள், பேண்டு வாத்தியக் குழு எல்லோரும் வருகையில் சேர்கிறார்கள். வருகை எண் கொள்ளளவைத் தாண்டியதைப் பார்த்து அதைத் ‘திருத்தி’ வைக்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

பேரேட்டில் கவனித்திருப்பீர்கள், 1956-க்குப் பிறகு எல்லா எண்ணும் 01 என்று முடிகிறது. அந்தக் கடைசி ஒன்று அச்சுப்பிழை இல்லை. பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்த ஃப்ரிட்ஸ் கிரிஸ்லருக்காக ஓர் இருக்கை கூடுதலாகச் சேர்க்கப்பட்டதாக மரபு. அது எந்த இருக்கை என்று யாருக்கும் சொல்வதில்லை. முழு எண்ணாக்கி 1,07,600 என்று எழுதினால் ஒரு மனிதரை எழுப்பி வெளியே அனுப்பியதாகிவிடும்.

தேதியில்லாத படத்தை வைத்து ஆண்டு கண்டுபிடிப்பது

கையில் மிச்சிகன் ஸ்டேடியத்தின் ஒரு பழைய அஞ்சலட்டையோ வான்படமோ கிடைத்தால், மேலிருந்து கீழாகப் பாருங்கள். விளிம்பில் தொடங்குங்கள்.

கிழக்கிலும் மேற்கிலும் கிண்ணத்தை விட உயரமாகச் செங்கல் கட்டடங்கள் நின்றால் 2010 அல்லது அதற்குப் பின். அந்தப் புதுப்பிப்புக்கு ஆன செலவு 22.6 கோடி டாலர். மேற்கு விளிம்பில் மட்டும் பத்திரிகையாளர் மாடம் தனியாக நீண்டு நின்றால் 1956-க்கும் 2007-க்கும் இடையில். விளிம்பைச் சுற்றி மஞ்சள் வளையம், அதில் அணிப் பாட்டின் சொற்களும் ராட்சத ஹெல்மெட்டும் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கட்டடக் கலைஞர் ராபர்ட் வெஞ்சூரியின் வடிவமைப்பான அது 1998-இல் வந்து, ரசிகர்களுக்குப் பிடிக்காமல் 2000-இல் இறக்கப்பட்டது. ஆக 1998 அல்லது 1999 சீசன். விளிம்பில் மரப் பெஞ்சுகள் என்றால் 1949-க்கு முன்.

பிறகு தரை. 1968 வரை புல். 1969 முதல் 1990 வரை டார்ட்டன் டர்ஃப் முதலான செயற்கைத் தரை: மட்டமாக, கம்பளம் விரித்தது போல இருக்கும். 1991-இல் தரையை 3.5 அடி இறக்கி மீண்டும் இயற்கைப் புல் போட்டார்கள். கீழ் வரிசைகளில் இருப்பவர்களுக்கு ஆட்டம் மறைக்காமல் தெரியவே அந்த இறக்கம். ஆனால் நீர்மட்டத்துக்கு இன்னும் பக்கத்தில் போனதால் வேர் பிடிக்கவில்லை. புல்பாய்களைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். 2003-இல் ஃபீல்ட்டர்ஃப் செயற்கைப் புல்லுக்கு மாறினார்கள். படத்தில் புல் பெயர்ந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் 1991–2002 என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். பழைய புல்லும் அடி வாங்கியதுதான்.

விளக்குக் கம்பங்கள் 2010-இல்தான் நிரந்தரமாக வந்தன. அதற்கு முன்பு மாலை மங்கும் ஆட்டங்களுக்கு வண்டியில் வரும் தற்காலிக விளக்குகள் இருந்தன. ஆகவே வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கம்பத்தைப் பாருங்கள். முதல் இரவு ஆட்டம் 2011 செப்டம்பர் 10. நடுவில் பனிச்சறுக்கு ஹாக்கித் தளம் தெரிந்தால் 2010 டிசம்பர் 11 அல்லது 2014 ஜனவரி 1. பனி கொட்டினால் இரண்டாவது. நம் ஊர்க் கால்பந்து ஆட்டம் தெரிந்தால், கேலரி நிரம்பியிருக்கும் பட்சத்தில் முதலில் சோதிக்க வேண்டியது 2014 ஆகஸ்ட் 2: ரியல் மாட்ரிட்டும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடிய நாள், வருகை 1,09,318.

எப்போதும் குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். படம் இடம் வலம் மாறி அச்சாவதும் உண்டு. அதனால் எது கிழக்கு என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மிச்சிகனில் ஆட்டக்காரர்கள் வரும் சுரங்கவழி ஒன்றே ஒன்றுதான், கிழக்குப் பக்கம். அதைக் கண்டுபிடித்தால் திசை கிடைத்துவிடும்.

ஆவணங்களுக்கு எங்கே போவது

ஆட்சிக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் தொடங்குங்கள். அனுமதியும் தொகையும் தேதியோடு அங்கேதான் இருக்கும். அடுத்து மாணவர் நாளிதழ். 1890 முதல் வரும் மிச்சிகன் டெய்லியின் பழைய இதழ்களைப் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி வரலாற்று நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நிலம் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய நில அளவை வரைபடங்களும், சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களும் உதவும். இரண்டாவது வகையில் கட்டடம் மரமா செங்கல்லா என்பதை நிறத்தாலேயே காட்டியிருப்பார்கள்: மஞ்சள் என்றால் மரம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல்.

ஆட்ட நாளில் விற்ற நிகழ்ச்சி மலர்களில் இருக்கை வரைபடம் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டு மலர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்தப் பிரிவு புதிதாக முளைத்தது என்று தெரிந்துவிடும். அணியின் ஊடகக் கையேட்டைக் கடைசியில் திறந்தால் போதும்; அதில் எண்கள் சுத்தமாக இருக்கும், காரணங்கள் இருக்காது.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். நாம் 1,07,601 என்று கமா போடுகிறோம், அமெரிக்க ஆவணத்தில் அது 107,601. நம் முறையில் தட்டினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பழைய செய்தித்தாள்களை இயந்திரம் படித்து எழுத்தாக்கியபோது 1 பல இடங்களில் ஐ என்ற ஆங்கில எழுத்தாகவும், 0 ஓ எழுத்தாகவும் மாறியிருக்கும். எண் கிடைக்காவிட்டால் எதிரணியின் பெயரையும் ஆட்ட நாளையும் கொடுத்துத் தேடி, பக்கத்தின் படத்தைக் கண்ணால் படித்துவிடுங்கள்.